பட்டாணிக் கொண்டையும் பச்சை முட்டையும்

சேவல் முட்டையிடாது. ஆனால் அதன் மகள் என்ன நிறத்தில் முட்டையிடுவாள் என்பதில் பாதிப் பங்கு சேவலுக்கு உண்டு. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்திய காலமெல்லாம் மரபியல் பாடத்தை இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். பாடப்புத்தகத்தில் மெண்டலின் பட்டாணிச் செடி இருக்கும். நெட்டை, குட்டை, பச்சை விதை, மஞ்சள் விதை என்று கரும்பலகையில் கட்டம் போட்டால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எங்கள் காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகள் பட்டாணியை மளிகைக் கடையில் பார்த்ததோடு சரி; கோழி இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளையோ அபூர்வம். "உங்க வீட்டுக் கழுத்துருவி பொரிச்ச குஞ்சுல எத்தனைக்குக் கழுத்து மொட்டை?" என்று கேட்டுவிட்டால் கடைசி பெஞ்சும் கை தூக்கும்.

அந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் என் அம்மாயி. அவர் வளர்த்த கோழிகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இருந்ததில்லை. கழுத்தில் இறகே இல்லாத கழுத்துருவி, உச்சந்தலையில் இறகைக் கொத்தாக வைத்திருந்த கொண்டைக்கோழி, வயிறு மண்ணில் உரச நடக்கும் குட்டைக்கால், உடம்பு இறகெல்லாம் வெளிப்பக்கமாகச் சுருண்ட சிலுப்பி எல்லாம் ஒரே வாசலில் மேயும். கருப்பு, செவலை, சாம்பல், கீரி, புள்ளி என்று நிறமும் கலந்துதான் கிடக்கும். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் எந்தப் பெட்டை எதன் மகள், எது எத்தனை முட்டை இட்டபின் அவயத்துக்கு உட்காரும், எது பருந்துக்குக் குஞ்சைக் கொடுக்காமல் காக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்து ஊரிலிருந்து சேவல் மாற்றிக்கொண்டு வர ஆளை அனுப்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவார்: "சேவலை மட்டும் பாத்துட்டு வந்தராதே கண்ணு. அதுக்கு ஆத்தா எதுன்னு கேட்டு, அதையும் பாத்துட்டு வா."

இன்னொன்றும் சொல்லுவார். குட்டைக்கால் பெட்டைக்குக் குட்டைக்கால் சேவலைச் சேர்க்கவே கூடாது, அவயத்தில் முட்டை கெட்டுப்போகும் என்பார். கல்லூரியில் உயிர்கொல்லி மரபணு என்ற பாடம் நடந்த அன்று எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. கால் குட்டையாவதற்கான மரபணு ஒரு பங்கு வந்தால் கோழி குட்டையாகும், நன்றாகவே வாழும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பங்கும் வந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே, அடைவைத்த முதல் சில நாட்களில், இறந்துவிடும். குட்டைக்கும் குட்டைக்கும் சேர்த்தால் நாலில் ஒரு முட்டை இப்படிப் போகும். பொரிக்கும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு குட்டையாகவும் ஒன்று சாதாரணக் காலோடும் இருக்கும். பேராசிரியர் சொன்ன விகிதம் அம்மாயிக்குத் தெரியாது. கெட்டுப்போகும் என்ற முடிவு தெரிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எத்தனை தலைமுறைப் பெண்கள் பஞ்சாரத்தின் முன் உட்கார்ந்து முட்டையை எண்ணியிருப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

மெண்டலின் கட்டுரை 1866-இல் அச்சாகி யாரும் கவனிக்காமல் கிடந்து, 1900-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அந்த விதி செடிக்கு மட்டும்தானா, ஓடியாடும் பிராணிக்கும் பொருந்துமா என்ற கேள்வி உடனே எழுந்தது. பொருந்தும் என்று 1902-இலேயே காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன். அவர் அதற்கு எடுத்துக்கொண்டது கோழியின் கொண்டையை. பிறகு அவரோடு ரெஜினால்ட் புன்னட் சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் போடும் புன்னட் கட்டம் இவர் பெயரில் உள்ளதுதான். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கோழிகளோடு கழித்தவர் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியே தீருவேன்.

கொண்டையில் நம் ஊரில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. நாட்டுக்கோழிக்கு ஒற்றைக் கொண்டை, ரம்பப் பல் போல நிமிர்ந்து நிற்கும். அசில் சண்டைக்கோழிக்குப் பட்டாணிக் கொண்டை. தலையோடு ஒட்டித் தாழ்ந்து, மூன்று வரிசை மேடாக, நடுவரிசை சற்றே உயர்ந்து இருக்கும். ஒற்றைக்கும் பட்டாணிக்கும் சேர்த்தால் பட்டாணியே முந்தும். பொரித்த அன்றே குஞ்சைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்து மூக்குக்கு மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒற்றைக் கொண்டைக் குஞ்சுக்கு மெல்லிய ஒரே கோடு. பட்டாணிக்கு அதே இடம் அகன்று மூன்று கோடாக இருக்கும். பழகிய பிறகு லென்ஸ் வேண்டாம், விரல்நுனியே சொல்லிவிடும்.

இந்தக் கொண்டை விஷயம்தான் பணி ஓய்வுக்குப் பிறகு என் நாட்களை நிரப்பியது. கேரளத்தில் அலங்காரக் கோழி வளர்க்கும் நண்பர் ஒருவர், நீல முட்டையிடும் வம்சத்துச் சேவல் ஒன்றைக் கொடுத்தார். கன்னத்தில் இறகுத் தாடி, சாம்பலும் வெள்ளையும் கலந்த உடம்பு, தலையில் பட்டாணிக் கொண்டை. அதற்குப் பெட்டையாக, அம்மாயி வழியில் வந்த நாட்டுக்கோழிகளில் ஒற்றைக் கொண்டை உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தேன். எல்லாம் வெளிர்பழுப்பு முட்டையிடுபவை.

நீல முட்டையின் கதை தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. சிலி நாட்டு மபூச்சே மக்களின் கோழிகள் நீல முட்டையிடுவதை ஸ்பெயின் பேராசிரியர் சால்வடார் காஸ்டெல்லோ, 1921-இல் ஹேக் நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அதைக் கேட்டு வியந்தவர்கள் இது தனிக் கோழி இனமாகவே இருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். புன்னட் அந்தக் கோழிகளைச் சாதாரணக் கோழிகளோடு சேர்த்துப் பார்த்து, நீலம் என்பது ஒரே ஒரு மரபணுவின் வேலை, அது ஓங்கு பண்பு என்று 1933-இல் எழுதினார். ஒரு பங்கு இருந்தாலே முட்டை நீலமாகிவிடும். அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்பது 2013-இல்தான் தெரிந்தது. எப்போதோ ஒரு பழைய வைரஸ் கோழியின் மரபணுத் தொகுதிக்குள் நுழைந்து, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் அருகில் உட்கார்ந்துகொண்டது. அதனால் அந்த மரபணு, முட்டை ஓடு உருவாகும் கருப்பைப் பகுதியிலும் விழித்துக்கொண்டது. இன்னும் வியப்பு என்னவென்றால், சிலியின் கோழியிலும் சீனத்து நீல முட்டைக் கோழிகளிலும் இந்த வைரஸ் தனித்தனியாக, கிட்டத்தட்ட ஒரே இடத்தில், இரண்டு தடவை நுழைந்திருக்கிறது.

நீல முட்டை மரபணுவும் பட்டாணிக் கொண்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில், மிக நெருக்கமாக அமைந்தவை. அதனால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். என் சேவலின் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பட்டாணி, பாதிக்கு ஒற்றைக் கொண்டை. ஆக, சேவலிடம் பட்டாணிக்கு ஒரு பங்குதான் இருக்கிறது. நீலத்துக்கும் ஒரு பங்காகவே இருக்கக்கூடும். முட்டை வர ஆறு மாதம் ஆகும் என்ற நிலையில், பொரித்த அன்றே குஞ்சின் தலையைத் தடவி இவ்வளவும் ஊகிக்க முடிந்தது. பட்டாணிக் குஞ்சுகளுக்கு நீல வளையம், ஒற்றைக்குச் சிவப்பு வளையம் காலில் மாட்டி நோட்டில் எழுதிவைத்தேன்.

தை மாதம் பொரித்தவை ஆடியில் முட்டைக்கு வந்தன. நீல வளையம் போட்ட ஒரு கருப்பு வெடைக்கோழி மூன்று நாள் மூலைமூலையாக இடம் தேடிவிட்டு, நெல் உமி போட்ட கூடையில் உட்கார்ந்தது. அது கொக்கரித்து இறங்கியதும் போய்ப் பார்த்தேன். பிஞ்சுப் புளியங்காயின் தோலைப் போல ஒரு பச்சை. இன்னும் ஈரமும் சூடுமாக இருந்தது. தாய் வழியில் வந்த வெளிர்பழுப்பும் தகப்பன் வழியில் வந்த நீலமும் சேர்ந்தால் பச்சைதான் வர வேண்டும் என்று பாடம் நடத்தியவள் நான். இருந்தும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அந்த முட்டையை உடைத்து, ஓட்டின் உள்பக்கம் ஒட்டிய சவ்வை நகத்தால் உரித்து, வெளிச்சத்தில் பார்த்தால் விஷயம் முழுதும் விளங்கும். உள்ளே நீலம். வெளியேதான் பச்சை. முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது. நீலம் தரும் பிலிவெர்டின் என்ற நிறமி ஓட்டின் கனம் முழுக்க ஊடுருவிப் படிகிறது. பழுப்பு தரும் புரோட்டோபார்ஃபைரின் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே பூசப்படுகிறது. நாட்டுக்கோழியின் பழுப்பு முட்டையை இதேபோல் உரித்துப் பாருங்கள், உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். இரண்டு நிறமிகளும் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருளுக்கு உறவு என்பதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள்.

நீலம் ஒரு மரபணு, பழுப்பு அப்படியல்ல. பல மரபணுக்கள் கூடிச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் நிறம் அது. அதனால்தான் பழுப்பில் இத்தனை தரம்: பால் வெள்ளைக்கு அடுத்த சாயலிலிருந்து காப்பிக் கொட்டை நிறம்வரை. ஒரே கோழியே பருவத்தின் தொடக்கத்தில் அடர்த்தியாகவும் பல முட்டை இட்ட பிறகு வெளிறியும் இடும். நாய் துரத்தினாலோ, புதுக் கோழி வந்து சண்டை நடந்தாலோ அடுத்த சில முட்டைகள் வெளுத்துப்போகும். கடக்நாத் கருங்கோழிக்குத் தோல், நாக்கு, எலும்பின் மேல் சவ்வு எல்லாம் கருப்பு. முட்டை மட்டும் வெளிர்பழுப்புத்தான். கருப்பு முட்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த ஆடியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் பச்சை முட்டை அல்ல. நீல வளையம் மாட்டியிருந்த ஒரு பெட்டை, பட்டாணிக் கொண்டையோடு, வெளிர்பழுப்பு முட்டை இட்டதுதான். பெரும்பாலும் சேர்ந்தே போகும் என்று சொன்ன இரண்டு மரபணுக்கள் நூற்றுக்குச் சில தடவை பிரிந்துபோகும். குரோமோசோம்கள் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்வதைக் குறுக்கே கலத்தல் என்று சிவப்பு, நீலச் சாக்பீஸில் வருடாவருடம் வரைந்திருக்கிறேன். அது கொண்டையும் அலகுமாக என் முன்னால் நின்று தவிடு கொத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கொண்டை அடையாளத்தை எங்கள் பக்கத்தில் அப்படியே நம்பக் கூடாது. காரணம் அசில். சண்டைக்கோழி இரத்தம் கலக்காத நாட்டுக்கோழி கொங்குப் பகுதியில் குறைவு. அசிலின் பட்டாணிக் கொண்டை நீலத்தோடு சேர்ந்து வந்தது அல்ல. பெட்டையிடமும் பட்டாணி இருந்தால், குஞ்சின் பட்டாணி அப்பனிடமிருந்து வந்ததா ஆத்தாளிடமிருந்து வந்ததா என்று சொல்ல வழியில்லை. அதற்காகத்தான் நான் ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளைத் தேடிப் பிடித்தது. என் பழைய மாணவன் ஒருவன் வியாபாரி ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து 'நீல முட்டைச் சேவல்' வாங்கி வந்தான். தலையில் அருமையான பட்டாணிக் கொண்டை. "பாருங்க டீச்சர், கொண்டையைப் பாத்துத்தான் வாங்குனேன்" என்றான். அதன் மகள்கள் ஒன்றுகூட நீலத்தின் பக்கம் போகவில்லை. அது நல்ல அசில் கலப்பு, அவ்வளவே. அந்தப் பையன் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. கொண்டையையும் தாடியையும் காட்டி முட்டை நிறத்தை விற்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

சேவலின் முட்டை நிறத்தை அறிய ஒரே வழி, மகள்களைப் பார்ப்பது. அம்மாயி ஆத்தாளைப் பார்க்கச் சொன்னது பாதி வழி. ஆத்தா நீல முட்டையிட்டாலும் அவளிடம் ஒரு பங்குதான் இருந்தால், மகன்களில் பாதிப் பேருக்கு அது வராது. சேவலைப் பழுப்பு முட்டையிடும் பெட்டைகளோடு சேர்த்து ஐந்து மகள்களையாவது முட்டைக்குக் கொண்டுவர வேண்டும். ஒற்றைப் பங்குச் சேவலுக்கு ஐந்து மகள்களும் பச்சையாகவே இட வாய்ப்பு 32-இல் ஒன்றுதான். அப்படி இட்டால் சேவலிடம் இரண்டு பங்கும் இருப்பதாகக் கொள்ளலாம். இதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டைக்கோழி சேவலின் விந்தைத் தன் உடலிலேயே இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கும். சேவலை மாற்றிய மறுநாளே முட்டையை எடுத்து அடைவைத்தால் பழைய சேவலின் குஞ்சுதான் பொரிக்கும். மூன்று வாரம் பெட்டைகளைத் தனியே விட்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும்.

இறகு நிறத்துக்கு வருகிறேன். நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் முட்டைக்காலம் முடிந்த ஒயிட் லெகார்ன் வழி வெள்ளைக் கோழிகளைக் கழித்து விற்றுவிடுவார்கள். அப்படி வந்த வெள்ளைப் பெட்டைகளை வாங்கி, கருஞ்சிவப்பு நாட்டுச் சேவலோடு விட்டேன். வந்த குஞ்சுகள் எல்லாம் வெளிர்மஞ்சள். சிலவற்றின் முதுகில் மட்டும் மை தெறித்த மாதிரி ஒன்றிரண்டு கரும்புள்ளி. வளர வளர ஆண்குஞ்சுகளின் தோளில் சிவப்பு கசிந்து வெளியே வந்தது. வெள்ளை உடம்பு, செந்தோள். சந்தையில் அப்படிப்பட்ட சேவலைப் பார்த்தவர்கள் புது ஜாதி என்று நின்று பார்த்தார்கள்.

ஒயிட் லெகார்னின் வெள்ளை என்பது நிறம் இல்லாமை அன்று. நிறத்தின் மேல் போட்ட தடை அது. அந்தத் தடை கருப்பு நிறமியை நன்றாக அடக்கும், சிவப்பை அவ்வளவாக அடக்காது. அதனால்தான் கருப்பு மறைந்து சிவப்பு தோளில் தப்பி வருகிறது. இந்தக் கலப்புப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தபோது நாலில் ஒன்று தடை நீங்கி நிறத்தோடு பிறந்தது. கருப்பு, செவலை எல்லாம் எதிர்பார்த்ததுதான். அவற்றுக்கு நடுவே, கருப்பில் வெள்ளைக் குறுக்கு வரி ஓடும் குஞ்சுகளும் வந்தன. என் கூட்டில் வரிக்கோழியே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் "பக்கத்து ஊட்டுச் சேவல் வேலி தாண்டி வந்திருக்குமுங்க டீச்சர்" என்றார்கள். அக்கம்பக்கத்திலும் வரிச்சேவல் கிடையாது. வெள்ளைப் பெட்டையின் இறகுக்கு அடியில் அந்த வரி தலைமுறை தலைமுறையாக மறைந்து வந்திருக்கிறது. லெகார்ன்களில் இது புதிதல்ல, நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். இருந்தாலும் நாமக்கல்லின் கம்பிக்கூண்டில் ஒன்றுபோல் நிற்கும் வெள்ளைக் கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றுக்குள் என்னென்ன நிறம் அடங்கிக் கிடக்கிறதோ என்று மனம் போகிறது.

வரியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய், கோழியில் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரி மரபணு இசட்டில் இருக்கிறது. பெட்டை தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்க முடியும். ஆகவே வரிப்பெட்டையைக் கருப்புச் சேவலோடு சேர்த்தால் மகன்கள் எல்லாம் வரி, மகள்கள் எல்லாம் கருப்பு. பொரித்த அன்றே தெரியும்: ஆண்குஞ்சின் கரிய உச்சந்தலையில் வெள்ளைத் திட்டு இருக்கும், பெண்குஞ்சுக்கு இருக்காது. முதல் உலகப் போரில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, இப்படி நிறத்தை வைத்துக் குஞ்சிலேயே ஆண் பெண் பிரிக்கலாம் என்று யோசனை சொன்னவர் அதே புன்னட்தான். தலைத்திட்டைக் காட்டி நான் பிரித்துவைத்த குஞ்சுகள் வளர்ந்து, சொன்னது சொன்னபடி கூவியதையும் முட்டையிட்டதையும் பார்த்த பிறகு ஊர்ப் பெண்கள் என்னிடம் சேவல் மாற்றிக்கொள்ள வரத் தொடங்கினார்கள்.

சேவல்கட்டுக்காரர்களும் வருவார்கள். சண்டை எனக்குப் பிடிக்காது, அதை அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன். ஆனால் நிறத்தைப் பார்க்கும் கண் அவர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இல்லை. கீரி, காகம், நூலான், மயில் என்று தூரத்திலிருந்தே சொல்வார்கள். அவர்களில் ஒரு பெரியவர் சாம்பல் நிறத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். "ஏனுங்க டீச்சர், சாம்பலுக்குஞ் சாம்பலுக்கும் போட்டா சாம்பல்தானுங்களே வரோணும்? எனக்குக் கருப்பும் அழுக்கு வெள்ளையுமா வருது, பாதிதான் சாம்பல். ரத்தத்துல கலப்படமுங்களா?" என்று கேட்டார். கலப்படம் இல்லை. கருப்பை வெளுக்கச் செய்யும் மரபணு ஒரு பங்கு இருந்தால் சாம்பல், இரண்டு பங்கு இருந்தால் நீலப்புள்ளி தெறித்த அழுக்கு வெள்ளை, இல்லாவிட்டால் கருப்பு. சாம்பலுக்குச் சாம்பல் எத்தனை தலைமுறை போட்டாலும் பாதிக்கு மேல் தேறாது. எல்லாமே சாம்பலாக வேண்டுமென்றால், அவர் வேண்டாமென்று தள்ளிய அந்த அழுக்கு வெள்ளையைக் கருப்போடு சேர்க்க வேண்டும். சொன்னதும் அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. அடுத்த பருவத்தில் ஒரு பஞ்சாரம் முழுக்கச் சாம்பல் குஞ்சோடு வந்து, "டீச்சருங்க, பாருங்க" என்று திண்ணையில் கவிழ்த்தார். அந்த மாதிரி ஒரு நாளுக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம்.

நம் மலையின் பங்கு ஒன்றும் இதில் இருக்கிறது. வளர்ப்புக் கோழி முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே வந்தது என்று டார்வின் கருதினார். பெரும்பாலும் சரிதான். ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியில் இல்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்கிறது என்று 2008-இல் சுவீடனின் உப்சலா ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாம்பல் காட்டுக்கோழி தென்னிந்தியா உள்ளிட்ட இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. வால்பாறைக்குப் போகும் சாலையில் விடிகாலையில் அதைப் பார்த்திருக்கிறேன். சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு உருக்கி வைத்ததாகத் தோன்றும் மஞ்சள் பொட்டு. வெயில் படும்போது அது மின்னும். பாதுகாக்கப்பட்ட பறவை, பிடிப்பதும் குற்றம். இந்தப் பறவையின் முன்னோர் எப்போதோ யாரோ ஒருவரின் வீட்டுக் கோழியோடு சேர்ந்ததால்தான் உலகம் முழுக்க லெகார்னுக்கு மஞ்சள் கால். அந்தக் காலைப் பார்த்தே அனுபவமுள்ள பண்ணைக்காரர் எது முட்டையிடுகிறது என்று சொல்லிவிடுவார். தீவனத்திலிருந்து வரும் மஞ்சள், முட்டைக் கருவுக்குப் போய்விடுவதால் தொடர்ந்து முட்டையிடும் கோழியின் கால் வெளுத்துவிடும்.

இத்தனை நிறம் பேசியபின் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். முட்டை ஓட்டின் நிறத்துக்கும் உள்ளிருக்கும் சத்துக்கும் சம்பந்தம் இல்லை. பழுப்பு முட்டையெல்லாம் நாட்டுக்கோழி முட்டையும் இல்லை. கூண்டில் வளரும் பழுப்பு முட்டை லேயர்களும் உண்டு. பழுப்பு என்பதற்காக இரட்டை விலை கொடுப்பவர்கள் ஓட்டுக்குத்தான் கொடுக்கிறார்கள். அதேபோல் நிறத்தை மட்டும் பார்த்துக் கோழி வளர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. பச்சை முட்டையிட்ட என் பெட்டைகளில் ஒன்று ஒழுங்காக அவயத்துக்கு உட்காராது. இன்னொன்று முதல் வெள்ளைக் கழிச்சல் சீக்கிலேயே போய்விட்டது. அம்மாயி வழிக் கோழிகள் அந்தச் சீக்கிலும் பல தப்பின. நிறம் ஒரு தலைமுறையில் வந்துவிடும். அடைகாக்கும் குணமும் நோய் தாங்கும் உடம்பும் அப்படி வருபவை அல்ல. தடுப்பூசி போடுவது அதனால் கட்டாயம். ஆனால் தப்பிய பெட்டையின் குஞ்சுக்கு நான் வைக்கும் மதிப்பு, நீல முட்டைக்கு வைப்பதைவிட அதிகம்.

எனக்குக் கவலை தருவது கழுத்துருவியும் குட்டைக்காலும் சிலுப்பியும்தான். கழுத்துருவியின் கழுத்தடியில் முன்பக்கம் ஒரு கொத்து இறகு இருந்தால் அதற்கு ஒரு பங்கு மரபணு. அதுவும் இல்லாமல் வழித்த மாதிரி இருந்தால் இரண்டு பங்கு. இரண்டு பங்கு உள்ளதற்கு உடம்பு இறகு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. சித்திரை வெயிலில் மற்றக் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது அது மேய்ந்துகொண்டிருக்கும். இதன் அருமை தெரிந்துதான் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் கழுத்துருவியைக் கொண்டு ஹிட்காரி என்றும், சிலுப்பியைக் கொண்டு உப்காரி என்றும் கலப்பினங்களை உருவாக்கியது. வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் நமக்கு இந்தக் கோழிகள் தேவைப்படும். ஆனால் ஊருக்குள் அசிங்கமான கோழி என்று இவற்றைத்தான் முதலில் அறுக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் தோட்டத்திலோ கழுத்துருவியோ சிலுப்பியோ குட்டைக்காலோ இருந்தால், கோயில் நோன்புக்கும் விருந்துக்கும் வேறு சேவலைக் கொடுங்கள். ஒரு சேவலையும் மூன்று நான்கு பெட்டைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். குட்டைக்கால் சேவலுக்கு மட்டும் நெட்டைக்கால் பெட்டையாகச் சேர்த்துவிடுங்கள், சிலுப்பிக்குச் சாதாரண இறகுப் பெட்டையைச் சேர்த்துவிடுங்கள். அடைவைக்கும் முன்னால் ஒவ்வொரு முட்டையிலும் எந்தப் பெட்டை, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதுங்கள். பொரித்த குஞ்சின் கொண்டை, கழுத்து, கால், நிறம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, உங்களிடம் சேவல் மாற்றிக்கொள்ள வருகிறவருக்கு அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுங்கள்.